காலைத் தூக்காமல் நடக்கவேண்டிய கழி

ராமேஸ்வரத்திலிருந்து தனுஷ்கோடி போகிற ரோட்டில் கோதண்டராமர் கோயில் பிரிவைத் தாண்டினால் இடது கைப்பக்கம் ஒரு நீர்ப்பரப்பு கூடவே வரும், அதுதான் கழி. அலை கிடையாது, நுரை கிடையாது. வெயில் ஏறுகிற நேரத்தில் தண்ணீர் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று பிரித்துச் சொல்ல முடியாது. பனிக்காலத்தில் அதன் நடுவே பூநாரைக் கூட்டம் நிற்கும். கார் நிற்கும். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, பேண்ட்டை முழங்கால்வரை சுருட்டிவிட்டு இறங்கிவிடுவார்கள். முழங்கால் தண்ணீர்தானே, என்ன ஆகிவிடப்போகிறது என்ற நினைப்பு. அந்த நினைப்புக்காகத்தான் இதை எழுதவேண்டியிருக்கிறது.

எங்கள் பக்கம் ரோட்டுக்குத் தெற்கே இருக்கிற மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்பார்கள், வடக்கே இருக்கிற பாக் விரிகுடாவைப் பெண்கடல் என்பார்கள். ஆண்கடல் அடிக்கும், பெண்கடல் அமைதியாகக் கிடக்கும் என்பது பேச்சு. வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டுவிட்டு, தெற்கே பயந்து நின்று வடக்கே தைரியமாக இறங்குகிறார்கள். தெற்கே பயப்படுவது சரிதான். ரோடு முடிகிற அரிச்சல்முனையில் கரை சட்டென்று சரிகிறது, காலடி மணலை நீரோட்டம் அரித்துக்கொண்டே போகிறது. அங்கே குளிக்கக் கூடாது, அதற்குமேல் அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. வடக்கே ஆபத்து வேறு மாதிரி. அது அலையில் இல்லை, காலுக்கடியில் இருக்கிறது: மணலுக்குள் படுத்திருக்கிற திருக்கை, வாலில் விஷமுள் உள்ள தட்டை மீன்.

போவதற்குமுன் ஒரு விஷயம். 2025 ஜூனில் தமிழக அரசு தனுஷ்கோடியில் 524.7 ஹெக்டேர் பரப்பைப் பெரும் பூநாரைச் சரணாலயமாக அறிவித்தது. கழியின் எந்தப் பகுதியில் இறங்கலாம், எதில் கூடாது என்பதை வனத்துறை ஆட்களிடம் கேட்டுக்கொண்டுதான் இறங்கவேண்டும். முன்னால் வந்தபோது இங்கேதான் நடந்தோம் என்பதெல்லாம் செல்லாது. இங்கே சொல்லப்போகிற நடைமுறை இந்தக் கழிக்கு மட்டுமானதல்ல. அரியமான், தொண்டி, தேவிபட்டினம் என்று வடகடல் ஓரத்தில் மணலும் கடல்தாழையும் (கடற்புல்) கலந்த ஆழமில்லாத தண்ணீர் எங்கே இருந்தாலும் பொருந்தும்.

காலம் பார்ப்பது முதல் வேலை. அக்டோபரிலிருந்து டிசம்பர்வரை வாடைக்காற்றும் மழையும் சேர்ந்து வடகடலைக் கலக்கிவிடும். தண்ணீர் பால்காபி நிறத்தில் இருக்கும், காலடி தெரியாது. காலடி தெரியாத நாளில் இறங்காதீர்கள். ஜூன் முதல் செப்டம்பர்வரை சோளகக்காற்று. வடகடல் தெளிந்திருக்கும், ஆனால் தெற்கிலிருந்து மணல் பறந்து வந்து கெண்டைக்காலில் ஊசி குத்துவதுபோல் அடிக்கும், கண்ணைத் திறக்க விடாது. பிப்ரவரி, மார்ச் இரண்டும் நல்ல மாதங்கள். காற்று தணிந்திருக்கும், தண்ணீர் தெளிந்திருக்கும், பூநாரைகளும் கொஞ்சம் மிச்சமிருக்கும். நேரம் என்றால் காலை 6:30க்கு இறங்கி 9:30க்குள் ரோட்டுக்கு வந்துவிடவேண்டும். வெயில் மட்டும் காரணமல்ல. ஒன்பதரைக்குமேல் காற்று எழும்பினால் தண்ணீரின் மேல்தோல் சிலிர்த்துவிடும், அதற்குப்பின் அடியில் என்ன கிடக்கிறது என்று பார்க்க முடியாது. சூரியன் முதுகுப்பக்கம் இருக்கிற மாதிரி திசையைத் தேர்ந்தெடுத்து நடந்தால் இன்னும் நன்றாகத் தெரியும். காலையில் அப்படியென்றால் மேற்கு நோக்கி நடக்கவேண்டும். பளபளப்பை வெட்டுகிற போலராய்டு கண்ணாடி வைத்திருப்பவர்கள் போட்டுக்கொள்ளலாம். வெறும் கறுப்புக் கண்ணாடியால் பயன் இல்லை, தண்ணீர் இன்னும் இருட்டாகத்தான் தெரியும்.

வடகடலில் ஏற்றவத்தம், அதாவது கடல் ஏறி இறங்குவது, பெரிதல்ல, ஒரு மீட்டருக்கும் குறைவு. அதனால் யாரும் அதைக் கணக்கில் வைப்பதில்லை. ஆனால் தரை தட்டையாக இருக்கிற இடத்தில் ஒரு சாண் தண்ணீர் ஏறினால் கரை நூறு, இருநூறு மீட்டர் தள்ளிப் போய்விடும். வரும்போது காய்ந்து கிடந்த மணல்திட்டு, திரும்பும்போது தொடையளவு வாய்க்காலுக்கு அந்தப்பக்கம் இருக்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் இது அதிகம், அட்டமி நவமியில் குறைவு. நேரமும் நாளுக்கு நாள் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும். நேற்று ஏழு மணிக்கு வத்தம் என்றால் இன்று ஏழு மணிக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கக் கூடாது. அட்டவணை இல்லாமலே பார்க்க ஒரு வழி உண்டு. இறங்குகிற இடத்தில் தண்ணீர் விளிம்பில் ஒரு குச்சியை நட்டுவிட்டு, டீ குடித்துவிட்டு, கால்மணி கழித்துப் பாருங்கள். குச்சி காய்ந்த மணலில் நின்றால் கடல் வாங்குகிறது, இறங்கலாம். குச்சியின் அடி நனைந்திருந்தால் ஏறுகிறது, இன்று நடையைச் சுருக்கிக்கொள்ளுங்கள். வாடைக்காற்று பலமாக அடிக்கிற நாளில் இந்தக் கணக்கும் தவறும். காற்றே தண்ணீரைக் கழிக்குள் தள்ளிக்கொண்டு வந்துவிடும்.

இனி விஷயத்துக்கு வருவோம். திருக்கை.

சந்தையில் பார்த்திருப்பீர்கள், சட்டியில் தின்றிருப்பீர்கள். பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறும் என்று எங்கள் பக்கம் திருக்கைக் குழம்பு வைப்பார்கள். அந்தக் காலத்தில் திருக்கை வால் சாட்டைக்குப் போலீஸ் ஸ்டேஷனிலும் பள்ளிக்கூடத்திலும் இருந்த மரியாதை தனிக்கதை. ஆனால் சந்தைக்கு வருகிற திருக்கையை வைத்து உயிருள்ள திருக்கையை எடை போடக்கூடாது. வலையில் ஏறியதுமே மீனவர்கள் முதலில் செய்வது வாலை வெட்டி எறிவது அல்லது முள்ளை ஒடிப்பதுதான். அதனால் முள் எங்கே இருக்கிறது என்பதே பலருக்குத் தெரியாது. வாலின் நுனியில் இருக்கிறது என்று நினைக்கிறார்கள். நுனியில் இல்லை. வால் தொடங்கும் இடத்துக்கும் நடுவுக்கும் இடையில், மேல்பக்கத்தில், வாலோடு ஒட்டிப் படுத்தபடி இருக்கும். சிலதுக்கு ஒன்று, சிலதுக்கு இரண்டு. இரண்டு ஓரத்திலும் ரம்பப்பல், அந்தப் பற்கள் பின்னோக்கிச் சாய்ந்தவை. அதனால் உள்ளே போகும்போது வழுக்கிக்கொண்டு போகும், வெளியே வரும்போது சதையைக் கிழித்துக்கொண்டு வரும். முள்ளின்மேல் மெல்லிய தோலுறை உண்டு. விஷம் அந்த உறையில்தான் இருக்கிறது. குத்தும்போது உறை கிழிந்து காயத்துக்குள்ளேயே தங்கிவிடும். செத்த திருக்கையின் முள்ளுக்கும் இதே குணம்தான். கரையில் ஒதுங்கிக் கிடப்பதைக் காலால் புரட்டிப் பார்க்காதீர்கள்.

திருக்கை யாரையும் தேடி வந்து குத்துவதில்லை. வெதுவெதுப்பான ஆழமில்லாத தண்ணீரில், வயிற்றை மணலில் பதித்து, ஓரங்களை இரண்டு தடவை அசைத்து, மேலே ஒரு விரல்கடை மணலைப் போர்த்திக்கொண்டு படுத்திருக்கும். நாம் பாதத்தைத் தூக்கி அதன் முதுகில் வைத்தால் வாலைத் தேள்போல் மேலே சுழற்றும். அந்த வீச்சு எட்டுகிற இடம் நம் கணுக்காலும் புறங்காலும். மிதிக்காதவரை சண்டை இல்லை. மலைக்காட்டில் கரடி நடமாடும் பாதையில் போகிறவர்கள் பேசிக்கொண்டே போவார்கள். திடீரென்று எதிர்ப்பட்டால்தான் அது பாயும், முன்கூட்டியே சத்தம் கேட்டால் ஒதுங்கிவிடும் என்பது கணக்கு. இங்கேயும் அதே கணக்குதான். ஆனால் வாயால் பேசிப் பயனில்லை, காலால்தான் சொல்லவேண்டும்.

எப்படி என்றால், பாதத்தைத் தூக்கி வைக்காமல் மணலோடு தேய்த்து இழுத்து நடக்கவேண்டும். வழுக்குத் தரையில் கிழவர்கள் நடப்பார்களே, அந்த மாதிரி. உள்ளங்கால் மணலை விட்டு எழக்கூடாது. ஒவ்வொரு அடியும் ஒரு பாத நீளத்துக்குமேல் வேண்டாம். மணலில் உரசுகிற அதிர்வு திருக்கைக்கு முன்பே எட்டிவிடும், எழுந்து போய்விடும். எழுந்து போகாத மந்தமான ஒன்றாக இருந்தாலும், இழுத்து வருகிற கால்விரல் அதன் ஓரத்தில்தான் முட்டும். ஓரத்தில் முட்டினால் ஓடும், முதுகில் அழுத்தினால் குத்தும். வித்தியாசம் அவ்வளவுதான். இதைப் படிக்க எளிது, செய்வது கடினம். பத்து நிமிடத்தில் தொடை வலிக்கும், வழக்கமான நடை தானாகத் திரும்பிவிடும். யாராவது பறவையைக் காட்டி "அங்கே பாரு" என்றதும் எல்லோரும் காலைத் தூக்கிவிடுவார்கள். அந்த நேரம்தான் பொல்லாத நேரம். பார்க்கவேண்டுமென்றால் நின்று பாருங்கள். நடந்துகொண்டே பார்க்காதீர்கள். போட்டோவுக்காகப் பின்பக்கமாக நகர்வது அதைவிட மோசம். கால் எதன்மேல் இறங்குகிறது என்று தெரியாது, மொத்த எடையும் அதில் இருக்கும்.

கையில் ஒரு சவுக்குக் கம்பு இருக்கட்டும், ஐந்தடி நீளம், கட்டைவிரல் பருமன். குத்திப் பார்க்கக் கூடாது. கூர்முனையால் குத்தினால் திருக்கைக்கும் வலிக்கும், உங்கள் கையும் சீக்கிரம் சோர்ந்துவிடும். கம்பின் அடியை மணலில் படவைத்து, காலுக்கு ஒரு மீட்டர் முன்னால் இடமும் வலமுமாகக் கோலம்போடுவதுபோல் இழுத்துக்கொண்டே போகவேண்டும். குடும்பமாகப் போனால் வரிசையாகப் போங்கள், அகலவாக்கில் பரவாதீர்கள். கம்பு வைத்திருப்பவர் முதலில். அவர் கலைத்துவிட்ட தடத்திலேயே மற்றவர்கள் வரவேண்டும். குழந்தைகளை நடுவில் விட்டுக் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். குழந்தைக்குத் தண்ணீரைக் கண்டால் குதிக்கத்தான் தோன்றும், குதிப்பதுதான் இங்கே ஆகாதது. தண்ணீர் முழங்காலுக்குமேல் வருகிற அளவுக்குச் சின்னப் பிள்ளையை இறக்கவே வேண்டாம். திரும்பி வரும்போது அதே தடம் பத்திரம் என்று நினைக்காதீர்கள். கலைந்துபோன திருக்கை பத்துப் பதினைந்து அடி தள்ளி மறுபடி படுத்துக்கொள்ளும். கரை பக்கத்தில் வந்துவிட்டது என்று கடைசி இருபது அடியை நிதானமில்லாமல் எட்டி வைக்கிறவர்கள் அதிகம். வெதுவெதுப்பான தண்ணீர் இருப்பதே கரையோரம்தான்.

இருக்கிறதா இல்லையா என்று அடையாளம் பார்க்கவும் முடியும். திருக்கை மணலை ஊதித் தோண்டி நண்டும் புழுவும் தின்னும். தின்ற இடத்தில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வட்டமான குழி விழும், ஆழம் நாலு விரல். குழியின் விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல் கூர்மையாக இருந்து, பக்கத்தில் மணல் சிறு குவியலாகக் கிடந்தால் அது அன்றைக்குத் தோண்டியது. விளிம்பு மழுங்கி, குழிக்குள் தாழைச் சருகு சேர்ந்திருந்தால் பழையது. புதுக்குழிகள் நாலைந்து சேர்ந்து தெரிந்தால் அந்தப்பக்கம் போகாமல் சுற்றிக்கொண்டு போங்கள். படுத்திருக்கிற திருக்கையையே பார்க்கவும் முடியும், ஆனால் உடம்பைத் தேடினால் கிடைக்காது. மணலில் இரண்டு சின்ன மேடு, அவற்றுக்குப் பின்னாலேயே இரண்டு ஓட்டை, அந்த ஓட்டைகள் மூச்சுக்கு ஏற்றபடி மூடித் திறக்கும். அதைக் கண்டுபிடித்துவிட்டால் அதைச் சுற்றி மூடிய வட்டம் தானாகக் கண்ணுக்குத் தெரியவரும். வட்டமாக இருக்கிறது என்று நின்றுவிடாமல் அதிலிருந்து வாலின் கோடு எந்தப்பக்கம் போகிறது என்று பாருங்கள். தலைப்பக்கமாக விலகிப் போவது நல்லது.

காலில் என்ன போடுவது என்பதில் ஒரு தவறான நம்பிக்கை உண்டு. ரப்பர் ஷூ போட்டால் திருக்கை முள் ஏறாது என்று சொல்வார்கள். ஏறும். மெல்லிய ரப்பரையும் கேன்வாஸையும் அது துளைத்துவிடும். ஆனாலும் பழைய கேன்வாஸ் ஷூ ஒன்றைக் கயிறு இறுக்கிக் கட்டிப் போட்டுக்கொள்வது நல்லது. காரணம் வேறு. சிப்பி விளிம்பு, உடைந்த சங்கு, பழைய தனுஷ்கோடிப் பக்கம் மணலுக்குள் புதைந்து கிடக்கிற துருப்பிடித்த இரும்பு. 1964 டிசம்பர் 22 நள்ளிரவை ஒட்டி வந்த புயலில் அழிந்த ஊர் அது. தேவாலயமும் ரயில் நிலையமும் மேலே தெரிகிற மிச்சம்தான், தெரியாத மிச்சம் கீழே கிடக்கிறது. ஹவாய்ச் செருப்பு இங்கே உதவாது. சேற்றில் ஒரு அடி வைத்தால் வார் அறுந்துவிடும், இல்லையென்றால் செருப்பு உள்ளேயே நின்றுவிடும், கால் மட்டும் வரும். பாம்பன் சின்னப்பாலம் பக்கம் பாசி எடுக்கப் போகிற பெண்களைப் பார்த்தால் புரியும். விரலுக்கு விரல் துணி சுற்றியிருப்பார்கள், காலில் ரப்பர் போட்டிருப்பார்கள். கடலுக்குள்ளேயே பிழைப்பு நடத்துகிறவர்களே வெறுங்காலோடு இறங்குவதில்லை.

சேறு என்றதும் சொல்லவேண்டியது. கழியின் ஓரத்தில் வெள்ளை உப்புப் பொருக்கு படிந்த தரை கெட்டியாகத் தெரியும். சில இடத்தில் அது அப்பளம் மாதிரிதான், அடியில் கறுப்பு உளைச்சேறு. கெட்டித்தரை வெளுத்து, பிளவுபட்டு, மாட்டுக்குளம்போ டயர்த்தடமோ பதிந்து இருக்கும். உளை ஈரமாகச் சாம்பல் நிறத்தில் மினுங்கும், முட்டை அழுகிய நாற்றம் வரும். பறவைக் கால்தடத்தை நம்பாதீர்கள், பூநாரைக்கு எடை கிடையாது. கம்பை ஊன்றிப் பாருங்கள். ஒரு சாணுக்குமேல் தடையில்லாமல் இறங்கினால் அங்கே மனிதன் போகக்கூடாது. கால் முழங்கால்வரை இறங்கிவிட்டால் அதை இழுக்க மற்றக் காலை ஊன்றுவதுதான் எல்லோரும் செய்வது. இரண்டும் மாட்டிக்கொள்ளும். பின்னால் சாய்ந்து உட்கார்ந்துவிடுங்கள். துணி நாறிப்போகும், பரவாயில்லை. கம்பைக் குறுக்காகப் போட்டு அதில் கையை ஊன்றி, மாட்டிய காலைச் சுற்றிச் சுற்றி ஆட்டினால் பக்கத்தில் தண்ணீர் இறங்கிப் பிடி தளரும். பிறகு வந்த வழியிலேயே தவழ்ந்து வெளியே வாருங்கள். முன்னால் கரை பக்கம் தெரிகிறது என்று புதுவழி தேடாதீர்கள். கார், பைக்கை இந்தத் தரையில் இறக்குகிறவர்களுக்குச் சொல்ல வார்த்தை இல்லை. 2017 வரை முகுந்தராயர் சத்திரத்தோடு ரோடு முடிந்து, அதற்குமேல் மணலில் பழகிய வேன்கள் மட்டும்தான் போய்க்கொண்டிருந்தன. ரோடு வந்ததும் மணலும் ரோடு மாதிரி ஆகிவிடவில்லை.

தண்ணீர் ஆளுக்கு இரண்டு லிட்டர். நிழல் என்று ஒன்று வழியில் இல்லை. கீழே நீரும் உப்பும் வெயிலைத் திருப்பி அடிப்பதால் தொப்பி போட்டும் முகம் கறுக்கும். தலைக்கு ஒரு துண்டு, கழுத்தையும் மூடுகிற மாதிரி. தலை கிறுகிறுத்து வியர்வை நின்றுபோனால் நடையை நிறுத்தி, தலையிலும் கழுத்திலும் ஈரத்துணி போட்டு, 108ஐ அழையுங்கள். அந்த நிலை வருவதற்குமுன் ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு மட்டமான டீஸ்பூன் சீனி, அரை டீஸ்பூன் உப்பு போட்டுக் கலக்கியதைச் சிறுகச் சிறுகக் குடிப்பது போதும். தனுஷ்கோடியில் குடியிருப்பவர்கள் கடலுக்குப் பக்கத்திலேயே மணலைக் கையால் தோண்டி நல்ல தண்ணீர் எடுப்பார்கள். பார்க்கிறவர்கள் அதிசயம் என்பார்கள். மழைத்தண்ணீர் உப்புத்தண்ணீரைவிட லேசு, மணலுக்குள் அதன்மேல் மிதந்து நிற்கிறது, அவ்வளவுதான். ஆழமாகத் தோண்டினால் உப்பு ஏறிவிடும் என்பதால் சின்ன ஊற்றாகவே விடுகிறார்கள். அது அவர்கள் குடிக்கிற தண்ணீர். கால் கழுவக் கேட்காதீர்கள், பக்கத்தில் போய் அசுத்தம் செய்யாதீர்கள்.

இவ்வளவும் செய்தும் குத்திவிட்டால்? இங்கேதான் பிளாஸ்க் வருகிறது. ஒன்றரை லிட்டர் பிளாஸ்க்கில் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் நிரப்பி, கெட்டியான பெரிய பாலிதீன் பை இரண்டு மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போங்கள். எடை ஒன்றரைக் கிலோ கூடும். மற்ற எதை விட்டாலும் இதை விடக்கூடாது என்பது எங்கள் கருத்து. திருக்கை விஷம் ஒரு புரதம், சூட்டில் கெட்டுப்போவது. வலிக்கு மாத்திரையைவிடச் சூடு சீக்கிரம் கேட்கும்.

முதலில் தண்ணீரைவிட்டு வெளியே வாருங்கள், அப்போதும் காலை இழுத்துத்தான். உட்கார்ந்து காயத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். ரத்தம் நிறைய வரும், கண்ணுக்குப் பயமாக இருக்கும், பெரும்பாலும் அழுத்தத்திலேயே நிற்கும். மேலாகத் தெரிகிற முள்துண்டை இடுக்கியால் எடுத்துவிடலாம். ஆழமாகப் பதிந்திருந்தால் தொடாதீர்கள். வயிறு, மார்பு, கழுத்தில் குத்தியிருந்தால் முள்ளை இழுக்கவே கூடாது, அப்படியே அசையாமல் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவேண்டும். குனிந்து கையால் துழாவுகிறவர்களுக்கும் தண்ணீரில் படுத்து விளையாடுகிறவர்களுக்கும் இந்த ஆபத்து உண்டு.

காலில் என்றால் அடுத்தது சூடு. தாங்கக்கூடிய அளவுக்குச் சூடான தண்ணீரில், 45 டிகிரிக்கு மேற்படாமல், கணுக்கால் முழுவதும் மூழ்க வைக்கவேண்டும். தெர்மாமீட்டர் யாரும் கொண்டுவரப் போவதில்லை. கொதிநீர் ஒரு பங்குக்குச் சாதாரணத் தண்ணீர் மூன்றரைப் பங்கு கலந்தால் ஏறத்தாழ அந்தச் சூடு வரும். பிளாஸ்க்கில் இருந்து கொஞ்சம் ஆறிய வெந்நீர் என்றால் அதைவிடக் குறைவாகவே போதும், சூட்டைப் பார்த்துப் பார்த்துக் கலக்குங்கள்.  இரண்டு லிட்டரைப் பாலிதீன் பைக்குள் ஊற்றிப் பாதத்தை உள்ளே விட்டு, கெண்டைக்காலில் பையின் வாயைக் கையால் பிடித்துக்கொண்டால் வாளி தேவையில்லை. சூட்டைப் பார்ப்பது குத்துப்படாதவரின் முழங்கை, அல்லது குத்துப்பட்டவரின் நல்ல கால். காயம்பட்ட காலால் பார்க்கக்கூடாது. வலியில் அந்தக் காலுக்குச் சூடு தெரியாது, வெந்துபோன பிறகுதான் தெரியும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஆறியதைக் கொட்டிப் புதுசு ஊற்றுங்கள். அரைமணியிலிருந்து ஒன்றரை மணிவரை இது வேண்டும். வலி முதல் ஒன்றரை மணிக்குள் உச்சத்துக்குப் போகும், சிலருக்கு இரண்டு நாள்வரை இருக்கும். பிளாஸ்க் தீர்ந்துவிட்டால் ரோட்டோர டீக்கடையில் கேளுங்கள். திருக்கை என்றால் எதற்கு என்று கேட்காமல் கெட்டிலைத் தருவார்கள்.

செய்யக்கூடாதவை: முழங்காலுக்குக் கீழே கயிறு போட்டு இறுக்குவது, பிளேடால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது, சுண்ணாம்பும் மண்ணெண்ணெயும் தடவுவது, ஐஸ் வைப்பது. நெருப்பில் காட்டி வாட்டுவதும் வேண்டாம். சூடு நல்லதுதான், ஆனால் திருக்கை காயத்தோடு தீக்காயத்தையும் சேர்த்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டியிருக்கும். மூச்சுத்திணறல், மயக்கம், படபடப்பு வந்தால் வெந்நீர் வைத்தியத்தை வண்டியிலேயே தொடர்ந்தபடி ராமேஸ்வரம் அரசு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். தனுஷ்கோடியிலிருந்து இருபது கிலோமீட்டர் சுமார். டவர் எல்லா இடத்திலும் எடுக்காது என்பதால் ரோட்டுக்கு வந்த பிறகு 108ஐ முயற்சி செய்வது நல்லது. கடலுக்குள் யாராவது மாட்டிக்கொண்டால் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் எண் 1093.

மற்றவை சுருக்கமாக. சொறி (ஜெல்லிமீன்) கரையில் செத்துக் கிடந்தாலும் சுடும், கம்பால் கிளறலாம், கையால் தொடக்கூடாது. உடம்பில் பட்டால் மணல்போட்டுத் தேய்ப்பது எல்லோரும் செய்கிற தப்பு, ஒட்டிய இழைகள் இன்னும் கொட்டும். கடல்தண்ணீராலேயே கழுவி, இழைகளை இடுக்கியால் மெதுவாக எடுங்கள். நல்ல தண்ணீர் ஊற்றாதீர்கள். வினிகர் எல்லாச் சொறிக்கும் ஒத்துவராது. ஓரா, கெளுத்தி ஆகிய இரண்டு மீன்களின் முள்ளுக்கும் திருக்கைக்குச் சொன்ன அதே வெந்நீர்தான் வைத்தியம். கூம்பு வடிவில் அழகான கோலம் போட்ட சங்கு உயிரோடு இருந்தால் கையில் எடுக்காதீர்கள், சட்டைப்பையில் போடவே போடாதீர்கள். அதன் மெல்லிய முனையிலிருந்து ஊசி வரும், சில வகை ஆளையே கொல்லும். கடற்பாம்பு ஒதுங்கிக் கிடந்தால் சுற்றிப் போங்கள். கடித்தால் வலி பெரிதாக இருக்காது, அதனாலேயே சும்மா இருந்துவிடுவார்கள். சில மணிநேரத்தில் உடம்பெல்லாம் வலியும் கறுத்த சிறுநீரும் வரும், அதுவரை காத்திருக்கக்கூடாது. கடலட்டை, கடல்குதிரை, பவளம் மூன்றும் வனவிலங்குச் சட்டத்தில் புலிக்குச் சமமான முதல் அட்டவணையில் இருப்பவை. செத்ததாக இருந்தாலும் ஞாபகார்த்தமாக எடுத்துப் பையில் போட்டால் செக்போஸ்ட்டில் கேள்வி வரும்.

பூநாரையை எவ்வளவு தூரத்தில் பார்க்கலாம் என்று கேட்பார்கள். மீட்டர் கணக்கு வேண்டாம், பறவையே சொல்லும். தலையைத் தண்ணீருக்குள் கவிழ்த்து மேய்ந்துகொண்டிருந்தால் நீங்கள் சரியான தூரத்தில் இருக்கிறீர்கள். கழுத்துகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தால் நில்லுங்கள். எல்லாம் ஒரே திசையில் நடக்கத் தொடங்கினால் ஏற்கெனவே அதிகம் போய்விட்டீர்கள், பின்வாங்குங்கள். பறந்துவிட்டால் படம் அழகாக வரும். ஆனால் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறக்க அவை சேர்த்த கொழுப்பில் கொஞ்சம் உங்கள் படத்துக்குச் செலவாகிவிட்டது.

வீட்டுக்கு வந்தபின்பும் காலைக் கவனியுங்கள். கீறல் சின்னதாக இருந்தாலும் நல்ல தண்ணீரும் சோப்பும் போட்டுக் கழுவி, டெட்டனஸ் ஊசி போட்டு எத்தனை வருடம் ஆயிற்று என்று யோசியுங்கள். ஆழமான குத்துக் காயத்தில் முள்ளின் பல் ஒன்று உடைந்து உள்ளே தங்கியிருக்கலாம். வாரக்கணக்கில் ஆறாமல் சீழ் வைத்துக்கொண்டிருந்தால் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். மதுரைக்கோ சென்னைக்கோ திரும்பிப்போய் அங்கே டாக்டரைப் பார்க்கிறவர்கள் "காலில் ஏதோ குத்திவிட்டது" என்று மட்டும் சொல்லாமல், கடல்தண்ணீரில், திருக்கை குத்தியது என்று சொல்லவேண்டும். கடல்தண்ணீரில் இருக்கிற கிருமிகள் வேறு, அவற்றுக்குக் கொடுக்கிற ஆண்டிபயாடிக்கும் வேறு. சர்க்கரை நோயும் ஈரல் கோளாறும் உள்ளவர்கள் காயத்தைச் சுற்றிச் சிவந்து பரவினாலோ கொப்புளம் போட்டாலோ மறுநாள் பார்க்கலாம் என்று இருக்காமல் அன்று இரவே போகவேண்டும்.